குல்லாப் பாப்பா மார்க்

விருதுநகர்
5-11-2005

மதிப்பிற்குரிய அண்ணன் பலவேசம் அவர்களுக்குத் தங்கை தங்கத்தாய் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் மச்சானும் உயிரோடு இருக்கிறோம். மச்சானுக்கு இடது கண்ணில் புரை விழுந்திருக்கிறது. அங்கு மதினியும் செந்தூர்பாண்டியும் சுகம்தானே. உங்கள் சுகத்தை நான் கேட்கவில்லை. தீபாவளி முடிந்த வாரத்தில் பட்டாசுக் கம்பெனி முதலாளிக்குச் சுகத்துக்கு என்ன குறை இருக்கப் போகிறது.

நிற்க. கவர் கனமாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். உள்ளே இருப்பது உங்கள் சரக்குதான். தீபாவளிக்கு மறுநாள் காலை எங்கள் தெருப் பூங்காவை நானும் இன்னும் பதினோரு பெண்களும் பெருக்கினோம். ஏழு சாக்கு பட்டாசுத் தாள். அதில் உங்கள் கம்பெனி லேபிளை மட்டும் தனியாகப் பொறுக்கி வைத்தேன். பாதி கருகினது, கண் இல்லாதது, வாய் மட்டும் மிஞ்சினது, நாய் மிதித்தது, பூங்காவை ஒட்டிய ஊருணித் தண்ணீரில் மிதந்தது எல்லாம் இருக்கிறது. எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு அது குல்லாப் பாப்பா மார்க். எனக்கு அது என் மகள் முகம். செத்து இருபத்திரண்டு வருஷமான பிள்ளையை வருஷா வருஷம் விளக்குமாற்றால் கூட்டி அள்ளுகிற தாய் இந்த மாவட்டத்தில் நான் ஒருத்திதான் இருப்பேன். கூடப் பெருக்குகிற பெண்களுக்கு இது தெரியாது. இந்தத் தெருவுக்கு நாங்கள் குடிவந்ததே அவள் போன பிறகுதான். எனக்குப் பிள்ளையே கிடையாது என்றுதான் அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவள் காய்ச்சலில் இறந்த வருஷம் உங்கள் வீட்டு வாசலில் வந்து கேட்டேன், லேபிளை நிறுத்துங்கள் என்று. “லோடுக்கு அடிச்சாச்சு தங்கச்சி, இந்த ஒரு சீசன் மட்டும் போகட்டும்” என்றீர்கள். அந்த ஒரு சீசன் எப்போது முடியும் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கடிதம்.

பதில் எழுதுங்கள். போன் பண்ண வேண்டாம். உங்களோடு வாய் பேச மாட்டேன் என்று இருக்கன்குடியில் சூடம் அணைத்தவள் நான். எழுதினால் சத்தியம் முறியாது என்று பூசாரியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் பேனாவை எடுத்தேன்.

இப்படிக்கு,
தங்கத்தாய்

—

சிவகாசி
29-11-2005

தங்கச்சி தங்கத்தாய்க்கு அண்ணன் பலவேசத்தின் ஆசீர்வாதம். இங்கு அனைவரும் நலம். மச்சான் கண்ணை மதுரையில் காட்டவும். தள்ளிப் போட்டால் முற்றிப் போகும்.

நிற்க. உன் கவரைச் செந்தூர்பாண்டி ஆபீசில் எல்லோர் முன்னாலும் பிரித்துவிட்டான். மேஜையெல்லாம் கரி. “மொதலாளி, யாரோ செய்வினை வச்சு அனுப்பியிருக்காக” என்று டெஸ்பாட்ச் கிளார்க் எலுமிச்சம்பழம் வாங்க ஓடினான். என் தங்கச்சிதான் அனுப்பினாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த வயதில் எனக்கு நீ தேடித்தந்த மரியாதை இது.

பீகார் பார்ட்டிக்கு என் பெயர் தெரியாது, கம்பெனி பெயர் தெரியாது. குல்லாப் பாப்பா பெட்டி என்றுதான் ஆர்டர் வருகிறது. நாரணாபுரம் ஆலையில் நூற்று நாற்பது பேர் அந்த மார்க்கை நம்பிக் கஞ்சி குடிக்கிறார்கள். நீ குப்பையில் பொறுக்கினாய் என்பதற்காக நான் அதை நிறுத்த முடியாது.

இன்னொன்றும் சொல்கிறேன். உன் மகள் போட்டோவை லேபிளுக்குக் கொடுத்தது மச்சான். நானாகத் திருடிக்கொண்டு வரவில்லை. அவர் கையெழுத்துப் போடும்போது நீ பக்கத்தில் நின்று காபி ஆற்றிக்கொண்டிருந்தாய். முதல் லேபிள் அச்சாகி வந்தபோது கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகக் காட்டியது யார் என்று யோசித்துப் பார்.

உங்கள் பூங்காச் சுவருக்குப் பெயிண்ட் முழுவதும் நம் கம்பெனி தரும். சுவர் மூலையில் கம்பெனி பெயர் சின்னதாக இருந்தால் போதும் என்கிறான் செந்தூர்பாண்டி. யோசித்து எழுது.

இப்படிக்கு,
பலவேசம்

—

விருதுநகர்
22-12-2005

அண்ணனுக்குத் தங்கத்தாய் எழுதிக்கொண்டது. இங்கு சுகம். கண் ஆப்பரேஷனுக்கு மாசியில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

நிற்க. ஆமாம், காட்டினேன். தெருத்தெருவாகக் காட்டினேன். அப்போது பிள்ளை என் இடுப்பில் இருந்தாள். லேபிளையும் காட்டினேன், அவளையும் காட்டினேன். பிள்ளை போன பிறகும் லேபிளைக் காட்டிக்கொண்டு திரிவது நான் இல்லை.

உங்கள் பெயிண்ட் எங்களுக்கு வேண்டாம். பத்து வருஷமாகச் சீமைக் கருவேலமும் பன்றியுமாகக் கிடந்த இடத்தை நாங்கள் சுத்தமாக்கினோம். தூர் எடுத்தது தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற பெண்கள், வேலை விட்டு வந்து, கையில் மெழுகு காயும் முன்னே. புங்கையும் பூவரசும் வேம்புமாக அறுபது கன்று நட்டிருக்கிறோம். அதில் இருபத்தேழை ஆடு தின்றுவிட்டது. மீதி நிற்கிறது.

சுவரை வீட்டுக்கு ஆறடி என்று பங்கு வைத்துக்கொண்டோம். அவரவர் வீட்டில் மிஞ்சிய பெயிண்டைக் கொண்டுவந்து அவரவருக்கு வந்ததை வரைகிறோம். சண்முகத்தாய் ஒரு சேவல் போட்டிருக்கிறாள், அதற்கு மூன்று கால். ஒரு வீட்டார் குழாயில் தண்ணீர் கொட்டுகிற மாதிரி வரைந்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் அது கற்பனைச் சித்திரம். போர்டு எழுதுகிற இருளாண்டி மட்டும்தான் தொழில் தெரிந்தவன், கோணல்களையெல்லாம் அவன்தான் திருத்துகிறான். கேட்டை ஒட்டிய ஆறடி எனக்கு. அது வெள்ளையாகவே கிடக்கிறது. எனக்கு வரைய வராது.

அந்தச் சுவரில் உங்கள் கம்பெனி பெயர் ஓர் எழுத்துக்கூட வராது. நான் கேட்டது பெயிண்ட் இல்லை. மறுபடி படித்துப் பாருங்கள்.

தங்கத்தாய்

—

சிவகாசி
19-1-2006

தங்கத்தாய்க்குப் பலவேசம் எழுதுவது. நலம்.

நிற்க. கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து உனக்குப் பொங்கல்படி வராத வருஷம் உண்டா? நீ பேசாமல் இருந்த வருஷங்களிலும் கரும்பும் மஞ்சள் குலையும் அரிசியும் உன் வாசலுக்கு வந்தன. நீயும் எடுத்துக்கொண்டாய். இந்த வருஷம் செந்தூர்பாண்டிக்கு ஒரு செம்பு தண்ணீரைக் கொடுத்து, கரும்பைத் திரும்ப வண்டியில் ஏற்றிவிட்டாயாம். “அத்த ஒரு வார்த்த பேசலப்பா, கரும்புக் கட்ட அவுகளே தூக்கி வச்சாக” என்று சொல்லிவிட்டு அவன் அன்று சாப்பிடவில்லை. உன் மதினி பொங்கலன்று அழுதாள். உனக்கு இப்போது திருப்தியா?

கூடப் பிறந்தவன் படியைத் திருப்பி அனுப்பினால் உறவு முடிந்தது என்று அர்த்தம். அந்த அர்த்தம் தெரிந்துதான் செய்திருக்கிறாய்.

சுவரில் மூன்று கால் சேவல் போட்டு ஊரைத் திருத்துங்கள். அந்தப் பெண்கள் பிள்ளைகளுக்குத் தீபாவளிக்கு வாங்கிக் கொடுப்பது என் பட்டாசைத்தான் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

பலவேசம்

—

விருதுநகர்
9-3-2006

அண்ணனுக்கு. மச்சானுக்கு மதுரையில் கண் ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ரேடியோ கேட்கிறார். மற்ற சுகம் எழுதுகிற நிலையில் நான் இல்லை.

மதுரையில் நாங்கள் இருந்தது நாலு நாள். அந்த நாலு நாளைக்கென்று காத்துக்கொண்டிருந்தீர்களா?

போகும்போது இருளாண்டியிடம், “எம் பங்குல ஏதாவது போட்டு விடுய்யா, சிரிக்கிற பிள்ள மாதிரி ஏதாவது” என்று சொல்லிவிட்டுப் போனேன். பூங்கா என்றால் பிள்ளைகள் விளையாடுகிற இடம்தானே என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். திரும்பி வந்து கேட்டுக்குப் பக்கத்தில் ஆட்டோவை விட்டு இறங்குகிறேன், என் ஆறடியில் அவள் நிற்கிறாள். என்னைவிட உயரம். அதே சிவப்புக் குல்லா, அதே ரோஸ் கன்னம், காதில் ஜிமிக்கி, வரிசைப் பல். பதினோரு பெண்களும் கை கட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள், நான் சந்தோஷப்படுவேன் என்று.

“என்னக்கா, பிடிக்கலையா?” என்றான் இருளாண்டி. “சிரிக்கிற பிள்ளன்னு சொன்னீக. இந்தப் பக்கத்துல சிரிக்கிற பிள்ளன்னா குல்லாப் பாப்பா ஒருத்திதான? எங்கம்மா இவளக் காட்டித்தான் எனக்குச் சோறு ஊட்டுச்சு.”

சண்முகத்தாய் சொல்கிறாள், “அம்புட்டு வீட்லயும் தெரிஞ்ச பிள்ளக்கா. அதான் நாங்களும் சரின்னுட்டோம்.”

நான் பூவரசங்கன்றுக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வெயில் என்று நினைத்துச் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். குடித்தேன். வேறு என்ன செய்வது?

இருளாண்டிக்கு நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள்? மூலையில் பெயர் போட விடவில்லை என்று முகத்தையே கொண்டுவந்து போட்டுவிட்டீர்களா? உங்கள் வியாபாரத்துக்கு ஊருணிக் குப்பை போதாமல் என் சுவரும் வேண்டியிருக்கிறதா? இதைவிடக் கேவலமாக ஒருவன் நடந்துகொள்ள முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

தங்கத்தாய்

—

சிவகாசி
13-3-2006

தங்கத்தாய்க்கு. மச்சான் கண் பற்றி அறிந்து மகிழ்ச்சி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடவும்.

உன் கடிதம் கிடைத்த அன்றே எழுதுகிறேன். இருளாண்டி என்று ஒருத்தன் இருப்பதே உன் கடிதம் மூலம்தான் எனக்குத் தெரியும். பட்டாசுக் கடை வாசலில் எல்லாம் குல்லாப் பாப்பா போர்டு எழுதிக் கை பழகியவனாக இருப்பான். கண்ணை மூடிக்கொண்டு வரைவான். அதற்கு நான் என்ன செய்ய?

நீ சொல்லித்தான் அவன் வரைந்தான். உன் பெண்கள்தான் சரி என்றார்கள். பழி மட்டும் எனக்கா?

ஒன்று கேட்கிறேன். பிடிக்கவில்லை என்றால் ஒரு வாளி சுண்ணாம்பு போதும். அன்றைக்கே அடித்திருக்கலாம். அடிக்காமல் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து எனக்கு ஏன் கடிதம் எழுதுகிறாய்?

பலவேசம்

—

விருதுநகர்
4-5-2006

அண்ணனுக்குத் தங்கத்தாய் எழுதிக்கொண்டது. இங்கு சுகம். வெயில் தாங்கவில்லை. அங்கும் அப்படித்தான் இருக்கும். மதினியைக் கேட்டதாகச் சொல்லவும்.

நிற்க. அழிக்காததற்குக் காரணம் கேட்டிருந்தீர்கள். முதலில் சுண்ணாம்பு கிடைக்கவில்லை. பிறகு பங்குனிப் பொங்கல் வந்துவிட்டது, ஆள் கிடைக்கவில்லை. பிறகு கன்றுகளுக்குத் தண்ணீர் சுமக்கவே நேரம் போதவில்லை. அவ்வளவுதான்.

இப்போது எழுதுவது வேறு விஷயம். பொதுச் சுவரில் பட்டாசுக் கம்பெனி விளம்பரம் என்று யாரோ மனுப் போட்டிருக்கிறார்கள். உங்கள் தொழிலில் உங்களுக்கு வேண்டாதவர் யாராவதாக இருக்கும். விளம்பர வரி கட்டு, இல்லையென்றால் முப்பது நாளில் அழி என்று எங்கள் பூங்காக் குழுவுக்கு நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. அழிப்பதென்றால் அந்த ஒரு படத்தை மட்டும் இல்லையாம், சுவர் முழுவதையும் வெள்ளையடித்துவிடுவார்களாம். சேவல், குழாய் எல்லாம் போய்விடும்.

“இந்தப் படம் எங்கள் கம்பெனி விளம்பரம் அல்ல, இந்த முகத்தின் மேல் கம்பெனிக்கு உரிமை எதுவும் இல்லை” என்று உங்கள் லெட்டர்பேடில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார்கள். பெண்கள் ஆறு மாதம் பாடுபட்ட சுவர். அவர்களுக்காகக் கேட்கிறேன். எனக்காக இல்லை.

தங்கத்தாய்

—

சிவகாசி
25-5-2006

தங்கத்தாய்க்கு அண்ணன் எழுதுவது. இங்கு நலம். எனக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, சொல்லும்படியாக ஒன்றும் இல்லை.

நிற்க. சுண்ணாம்பு கிடைக்காத ஊரா விருதுநகர்? என்னிடம் பொய் சொல்ல உனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது.

நீ கேட்ட கடிதம் தர முடியாது. வக்கீலிடம் கேட்டுவிட்டேன். முகத்தின் மேல் உரிமை இல்லை என்று ஒரு முறை எழுதிக் கொடுத்தால் போதும், நாளைக்கே தாயில்பட்டியில் பத்துப் பேர் குல்லாப் பாப்பா அடித்து விற்பார்கள். எழுதிக் கொடுக்க மாட்டேன். இதில் பேச ஒன்றும் இல்லை.

ஆனால் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. இருபத்திரண்டு வருஷமாக நீ என்னோடு சண்டை போடுவது அந்த முகத்துக்காக. அந்த முகம் உன் மகள் முகமே இல்லை.

பழைய ஆர்ட்டிஸ்ட் ஒருவர் இருந்தார், இறந்துவிட்டார். போட்டோவை அவரிடம் கொடுத்தபோது முதலில் உள்ளபடிதான் கலர் கொடுத்தார். டீலர்கள் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். “கறுத்த பிள்ளையப் போட்டா பெட்டி நகராது அண்ணாச்சி” என்றார்கள். அதன்பிறகு நிறத்தை வெளுக்க வைத்தார். கன்னத்துக்கு ரோஸ் ஏற்றினார். உங்கள் உரலில் விழுந்து உடைந்த முன்பல்லை முழுசாக்கினார். காது குத்திய புதிதில் எடுத்த படம், ஓட்டையில் வேப்பங்குச்சி சொருகியிருந்தது, அதை எடுத்துவிட்டு ஜிமிக்கி போட்டார். சிரித்தால் அவளுக்கு ஒரு கண் சுருங்கும், அதையும் விரித்துவிட்டார். நான் கொடைக்கானலில் வாங்கி வந்த குல்லா நீலம். கடைத் தட்டில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று சிவப்பாக்கினார். கடைசியில் மிஞ்சியது சிரிப்பு மட்டும்தான், அதிலும் பாதி.

நீ குப்பையில் பொறுக்கியதும் இதைத்தான். இப்போது சுவரில் வைத்துக்கொண்டு அழிக்க மனமில்லாமல் தவிப்பதும் இதற்காகத்தான். எவனோ கற்பனை பண்ணிய பிள்ளைக்காகக் கூடப் பிறந்தவனை விரோதியாக்கினாய். நம்பிக்கை இல்லையென்றால் ஒரிஜினல் போட்டோவை இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்துக்கொள். பார்த்துவிட்டுச் சுவரை அழித்துவிட்டு வேலையைப் பார்.

பலவேசம்

—

விருதுநகர்
2-7-2006

அண்ணனுக்குத் தங்கத்தாய் எழுதிக்கொண்டது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? மதினி சொல்வதைக் கேளுங்கள்.

பதில் எழுத இவ்வளவு நாளானதற்குக் காரணம் உண்டு. கவரைப் பிரித்து போட்டோவை எடுத்ததும் எனக்கு அது யாரென்று தெரியவில்லை.

இதை உங்களிடம் எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன், நீங்கள் செய்தது என்னவென்று உங்களுக்குத் தெரிய வேண்டும். கறுப்பாக ஒரு பிள்ளை, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, உடைந்த பல் தெரியச் சிரிக்கிறது. யார் வீட்டுப் பிள்ளையை அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தேன். வேப்பங்குச்சியைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அந்தக் குச்சியைச் சீவிச் சொருகியது நான்.

எங்களிடம் அவள் படம் ஒன்றுகூட இல்லை. உங்களுக்கு அது தெரியாது. ஸ்டுடியோவில் எடுத்த அந்த ஒன்றைத்தான் மச்சான் உங்களிடம் கொடுத்தார். அடுத்த வருஷம் பெரிய படமாக எடுக்கலாம் என்றிருந்தோம், அடுத்த வருஷம் அவள் இல்லை. திருப்பிக் கேட்க எனக்கு ரோஷம் விடவில்லை, மச்சானையும் கேட்க விடவில்லை. அதனால் நினைப்பு வந்தபோதெல்லாம் உங்கள் லேபிளைத்தான் பார்த்தேன். பார்த்துப் பார்த்து, பெற்ற பிள்ளையின் முகத்தை நானே தொலைத்துவிட்டேன். அவள் குல்லா சிவப்பு என்று போன மாதம் வரைக்கும் சத்தியம் பண்ணியிருப்பேன். இதற்கு உங்களை நான் மன்னிக்கவே மாட்டேன். என்னையும்தான்.

மறுநாள் போட்டோவை எடுத்துக்கொண்டு பூங்காவுக்குப் போனேன். பெண்களை உட்கார வைத்துச் சொன்னேன், இது என் மகள், பெயர் பத்ரகாளி, காளி என்று கூப்பிடுவோம், நாலு வயதில் போய்விட்டாள், நீங்கள் வரைந்தது இவளைத்தான், ஆனால் இவள் இப்படித்தான் இருந்தாள். சண்முகத்தாய் போட்டோவை வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, “ஏக்கா, இம்புட்டு நாளா நம்மளோட உக்காந்து இந்தத் தாளப் பெருக்குனீகளே” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்புறம் வேலை ஆரம்பித்தது. இருளாண்டி கறுப்புக் கலக்கத் தெரியாமல் முழித்தான். போர்டில் இதுவரை கறுத்த பிள்ளை எழுதியதில்லையாம். பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கையை நீட்டிப் போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். யார் கை சரியாக வருகிறது என்று அங்கேயே சண்டை. கடைசியில் சண்முகத்தாயின் முழங்கை நிறம்தான் பொருந்தியது. அவளைச் சுவரோடு நிற்க வைத்துத்தான் கலக்கினான். ஜிமிக்கியை அழித்துவிட்டுக் குச்சி வைத்தான். பல்லை உடைத்தான். குல்லாவுக்கு, தண்ணீர்க் குழாய் வரைந்த வீட்டார் மிச்சம் வைத்திருந்த நீலம் சரியாகப் போயிற்று. முடிந்ததும் கூட்டத்தில் ஒருத்தி சொன்னாள், “இப்பத்தான் நம்ம தெருப் பிள்ள மாதிரி இருக்கா” என்று.

நகராட்சி ஆபீசிலிருந்து ஆள் வந்தார், கையில் மனுவும் உங்கள் பட்டாசுப் பெட்டி ஒன்றும். பெட்டியைச் சுவருக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். சுவரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். “இது வேற, அது வேற போலருக்கேம்மா” என்றார். வேறுதான் என்றேன். எழுதிக்கொண்டு போய்விட்டார். சுவர் இருக்கிறது.

நிற்க. நவம்பரில் நான் உங்களிடம் கேட்டதை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அந்த லேபிளை எத்தனை லட்சம் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளுங்கள். மிதிபட்டாலும் கருகினாலும் எனக்கு ஒன்றும் இல்லை. அந்த ரோஸ் கன்னத்துப் பிள்ளை யாரென்று எனக்குத் தெரியாது.

தங்கத்தாய்

—

சிவகாசி
8-9-2006

தங்கச்சி தங்கத்தாய்க்கு அண்ணன் பலவேசம் எழுதுவது. சீசன் வேலையில் பதில் எழுத முடியவில்லை. மச்சான் இப்போது பேப்பர் படிக்கிறாரா?

லேபிள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பீகார் லோடு போன வாரம் போயிற்று. நிறுத்தவும் மாட்டேன்.

போட்டோவைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவாய் என்று நினைத்தேன். இரண்டு மாதமாக வரவில்லை. அதை அனுப்பி வை. நெகட்டிவ் ஸ்டுடியோக்காரரோடு போய்விட்டது, அது ஒன்றுதான் இருக்கிறது. என் ஆபீஸ் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருபத்துநாலு வருஷமாக இருந்தது. கோபத்தில் உருவிக் கவரில் போட்டுவிட்டேன். இப்போது அந்த இடத்தில் மேஜைத் துணி மட்டும் வேறு பச்சையாகத் தெரிகிறது. காலையில் வந்து உட்கார்ந்தால் கண் அங்கேதான் போகிறது. வேறு ஏதாவது படம் வைக்கட்டுமா என்று செந்தூர்பாண்டி கேட்டான். ஆட்கள் முன்னாலேயே அவனை வைது விட்டேன்.

நீ வேண்டுமானால் காப்பி எடுத்துக்கொள். எனக்குக் காப்பி அனுப்ப வேண்டாம். காப்பி என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். காளியின் ஒரிஜினல் படத்தை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பு.

பலவேசம்

—

விருதுநகர்
15-9-2006

அண்ணனுக்கு. இங்கு சுகம். பேப்பர் படிக்கிறார்.

போட்டோவைத் தர முடியாது. ரிஜிஸ்டர் தபாலிலும் இல்லை, நேரில் வந்து கேட்டாலும் இல்லை. உங்களிடம் இருந்தது போதும்.

அவளைப் பார்க்க வேண்டுமென்றால் சுவர் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் காளி பூங்கா என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள், இப்போது அதுதான் பெயர். காலை ஐந்திலிருந்து ஒன்பது வரை திறந்திருக்கும். ஊருணிக் கரையில் குடங்கள் இருக்கின்றன. உள்ளே வருகிறவர்கள் ஆளுக்கொரு குடம் எடுத்து ஒரு கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று குழுவில் தீர்மானம் போட்டிருக்கிறோம். முதலாளி என்று உங்களுக்குத் தனி விதி கிடையாது. ஒரு குடம் ஊற்றிவிட்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று பாருங்கள்.

தங்கத்தாய்